அந்தப் பையில் என் முடியும் இருந்தது

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய வருடம், புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியை. பள்ளியோடு சேர்ந்த விடுதிக்கு வார்டனும் நானே. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும்தான். கிழக்கே கொஞ்ச தூரத்தில் சுண்ணாம்புக்கல் மைன்ஸ். மதியம் அங்கே வெடி வைப்பார்கள். எங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒரு தடவை உதறி அடங்கும். புதிதாக வந்த பிள்ளைகள் முதல் வாரம் அலறுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேய்ப் படம் என்றால் உயிர். இத்தனைக்கும் நான் வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பேய், பில்லி, சூனியம் எல்லாம் பொய் என்று சின்ன வயதிலேயே ஞாயிறு வகுப்பில் படித்தவள். அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பவள். ஆனாலும் போர்வையில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பேய்ப் படம் பார்க்கிற சுகத்தை மட்டும் விட முடியவில்லை.

அந்த மாதம் தலைமை ஆசிரியை ஏதோ பயிற்சிக்காகத் திருச்சி போயிருந்தார். ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரு படம் போடச் சொல்லி நச்சரித்தார்கள். என் தங்கை மகன் கொடுத்த பென் டிரைவ் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் இருந்தது ஒரு வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, ஸ்மார்ட் கிளாஸ் அறையில் அறுபது பிள்ளைகளையும் உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன்.

கதை இதுதான். ஊரை விட்டு விலகி, காட்டுக்குள் ஒரு பெண்கள் விடுதி. அங்கே ஒரு சூனியக்காரி பெண்களின் உதிர்ந்த முடியைப் பொறுக்கி, ஒவ்வொருத்தியுடையதையும் தனித்தனியாக முடிந்து ஒளித்து வைக்கிறாள். யாருடைய முடிச்சு இறுகுகிறதோ அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வரும், அப்புறம் ஆளே காணாமல் போய்விடுவாள். கடைசியில் அந்தச் சூனியக்காரி யார் என்று பார்த்தால், விடுதியின் வார்டன். பிள்ளைகள் அறுபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்து மைன்ஸில் வெடி வைத்தான். கண்ணாடி உதறியது. பழகின பிள்ளைகள், பழகாத பிள்ளைகள் என்று பேதமில்லாமல் அத்தனை பேரும் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பு ரெண்டு நாள் கூட நிற்கவில்லை.

பிள்ளைகள் குளியலறைக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்து ஐந்து பேராகப் போனார்கள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி மூன்று தடவை 'தூ தூ' என்று துப்பித்தான் கீழே போட்டார்கள். அது நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம்தான், ஆனால் இப்போது சாமி கும்பிடுவது போல் பயபக்தியோடு செய்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, அப்பா வந்து அழைத்துப் போனார். மழைக்கால ஆரம்பம், காய்ச்சல் வரத்தான் செய்யும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

படம் போட்டு ஒரு வாரம் கழித்து வந்த திங்கட்கிழமை மாலை, மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க எல்லாப் பெட்டிகளையும் நகர்த்திக் கூட்டச் சொன்னேன். எட்டாம் வகுப்பு அறையிலிருந்து ஓர் அலறல். ஓடிப் போனேன். விடுதியிலேயே வாய் நீளமான பெண் ஒருத்தி, எதற்கெடுத்தாலும் முதலில் கத்துகிறவள், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு கையை நீட்டிக் காட்டினாள். ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒரு துணிக்கடைப் பை. அதன் வாய் திறந்து கிடந்தது. உள்ளே முழுக்கத் தலைமுடி.

சுருள் சுருளாக, பந்து பந்தாக, செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்த முடி.

அந்தப் பெட்டி ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுடையது. அதிகம் பேச மாட்டாள். திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரையோரம் ஏதோ ஓர் ஊர். அப்பா இல்லை. அம்மா என்ன வேலை என்று சேர்க்கும்போது கேட்டதற்கு 'யாவாரம்' என்று மட்டும் சொன்னதாக நினைவு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மூன்று மாதமாக அந்தப் பெண்ணைப் பார்க்க மட்டும் யாரும் வந்ததில்லை.

நான் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றில் நீள முடி. ஒன்றில் குட்டை முடி. எல்லாவற்றுக்கும் அடியில், மற்றவற்றோடு சேராமல் தனியாக, சின்னதாக ஒரு பொட்டலம். அதைப் பிரித்தேன். செம்பட்டை நிறத்தில் மினுங்கியது. அந்த விடுதியில் தலைக்கு மருதாணி வைக்கிற ஆள் ஒருத்திதான். அது நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது, இருபது வருடம் பாடம் நடத்தியவள், பேயெல்லாம் பொய் என்று சொல்லித் திரிந்தவள், அத்தனை பிள்ளைகள் முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். வார்டனே பயந்துவிட்டார் என்றால் விஷயம் நிஜம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை அழைத்து எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "என்னடி இது?" என்று கேட்டேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நான் மறுபடியும் அதையேதான் கேட்டேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு சாட்சி சொல்லத் தொடங்கினார்கள். விடியும் முன்னே குளியலறையில் குனிந்து குனிந்து எதையோ தேடுவாளாம். மொட்டை மாடியில் எதையோ காய வைப்பாளாம். காய வைக்கும்போது வாய்க்குள்ளேயே மந்திரம் முணுமுணுப்பாளாம். அது நான் கொடுத்த மனப்பாடச் செய்யுள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவள் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு எதிரே இருந்த காலி அறைக்கு மாறச் சொன்னேன். அவள் பாதுகாப்புக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைக் கண்டு பயந்துதான் அப்படிச் செய்தேன். கேட்டுக்குள்ளேயே வைத்து அந்தப் பிள்ளையை ஊரை விட்டுத் தள்ளி வைத்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு ஆள் இடம், பின்னால் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அவள் தட்டைக் கழுவி வைத்தால் அந்தக் குழாயில் அதற்குப் பிறகு யாரும் கழுவவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. புதன்கிழமைக்குள் பெற்றோர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். அந்தப் புள்ளையை அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் புள்ளையைக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். தலைமை ஆசிரியை திருச்சியிலிருந்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருகிற நாள்தானே, அவள் அம்மாவையும் வரச்சொல்லி, சத்தமில்லாமல் டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்றார். நானும் சரி என்றேன். அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா எதற்கு என்று கேட்கக் கூடப் பயந்து, வரேங்க டீச்சர் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை குளியலறையில் தண்ணீர் தேங்கி, வாசல் வரை வழிந்து வந்தது. கூட்டிப் பெருக்குகிற அக்கா மூங்கில் சிம்போடு வந்து, சாக்கடை ஓட்டையைக் குடைந்து, கொத்தாக முடியை இழுத்துப் போட்டார். எனக்கு அது புதிதில்லை. அறுபது பெண்கள் குளிக்கிற இடம். வாரம் ஒரு தடவை அடைப்பதும், அந்த அக்கா திட்டிக்கொண்டே குடைவதும் வழக்கம். ஆனால் அன்றைக்கு அவர் திட்டவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தார்.

"ஜூன் மாசத்துலேருந்து நான் இத தொடவே இல்லீங்க டீச்சர். தெனம் யாரோ எடுத்துக்கிட்டுல்ல இருந்துருக்காங்க. இப்ப அஞ்சு நாளா எடுக்கல போலருக்கு."

மூன்று மாதமாகக் குளியலறை அடைக்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அந்த அக்கா பாட்டுக்கு அந்த ஈரக் கொத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, கெடுத்துட்டீங்களே, காயவெச்சு வெச்சிருந்தா சிக்கு முடிக்காரிகிட்டப் போட்டு ஒரு கிண்ணமாவது வாங்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

சிக்கு முடி.

எங்கள் வீட்டில் ஜன்னல் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு இருந்தது. என் அம்மா தினமும் எனக்கும் என் தங்கைக்கும் தலை சீவி, சீப்பில் வருகிற முடியை விரலில் சுற்றிச் சுருட்டி அந்த இடுக்கில் சொருகி வைப்பார். மாதம் ஒரு தடவை, தலையில் பாத்திரக் கூடையோடு ஒரு அம்மா தெருவில் கூவிக்கொண்டு வருவார். 'சிக்கு முடி இருக்கா, தலைமுடிக்குப் பாத்திரம்.' அம்மா இடுக்கிலிருந்து எல்லாவற்றையும் நோண்டி எடுத்துக் கொடுத்து, பேரம் பேசி, ஒரு சல்லடையோ டம்ளரோ வாங்குவார். நான் கல்யாணமாகி வந்தபோது சீராக எடுத்து வந்த டீ வடிகட்டி கூட என் தலைமுடிக்கு வந்ததுதான். அந்த வடிகட்டியில்தான் அன்று காலையும் டீ வடித்தேன். இப்படி வளர்ந்தவள் ஒரு பை முடியைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டேன் என்றால், அந்த ரெண்டு மணி நேரப் படத்தை என்னவென்று சொல்வது. படத்தைச் சொல்லி என்ன, என்னைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. கொண்டையை அவிழ்த்து, கையோடு கொண்டுபோன சீப்பால் வாரத் தொடங்கினேன். நாலு இழுப்பு இழுத்ததும் வந்த முடியை, என் அம்மா செய்கிற மாதிரியே விரலில் சுற்றிச் சுருட்டி அவளிடம் நீட்டினேன். இதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் வாங்கவில்லை. என் கையையே பார்த்தாள். பிறகு மெதுவாக, யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டு ஜன்னல் இடுக்கு சொன்னது என்றேன். அவ்வளவுதான். ஆறு நாளாக ஒரு சொட்டு அழாத பிள்ளை, என் தோளில் முட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுகையோடு அழுகையாக, தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். வார்டன் அப்படிச் சொன்னதில் அவளுக்கு அழுகையை விடக் கூச்சம் அதிகமாகிவிட்டது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் அம்மா காலையில் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஏழெட்டு கிராமம் நடப்பாராம். ஞாயிற்றுக்கிழமைதான் பெண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்குத்தான் முடி கிடைக்கும். அதனால்தான் ஒரு ஞாயிறு கூட மகளைப் பார்க்க வர முடியவில்லை. இங்கே வந்து சேர்ந்த அன்றே அவள் பார்த்திருக்கிறாள், ஒரே கூரைக்குக் கீழே அறுபது தலை. அம்மா ஒரு நாள் முழுக்க வெயிலில் நடந்தால் சேர்கிற முடி இங்கே ரெண்டே நாளில் சேர்ந்துவிடும். சேர்த்து மொத்தமாக அம்மாவிடம் கொடுத்தால், அம்மா ஒரு வாரமாவது நடக்காமல் வீட்டில் இருப்பார் என்று நினைத்திருக்கிறாள். அதற்காகத்தான் விடியும் முன்னே எழுந்து எங்கள் அழுக்கையெல்லாம் அள்ளியிருக்கிறாள்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"பழைய ஸ்கூல்ல தெரிஞ்சு போச்சு மிஸ். என்னைய சவுரி முடின்னுதான் கூப்புடுவாங்க. சூனியக்காரின்னா பயப்படுவாங்க, முடி பொறுக்கறவ மவளுன்னா சிரிப்பாங்க. பயப்படறதே தேவல. நீங்க டிசி வேணும்னாலும் குடுங்க, அத மட்டும் சொல்லிடாதீங்க."

பதின்மூன்று வயது. சொல்ல மாட்டேன் என்று மட்டும் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எழுந்திருக்கும்போது மனசில் இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். என் முடியை மட்டும் ஏன் தனியாக வைத்திருந்தாய் என்றேன். என் அறை ஜன்னலுக்குக் கீழே குரோட்டன்ஸ் செடிகளுக்குள் நான் தூக்கிப் போட்டதைப் பொறுக்கினாளாம். மருதாணி ஏறிய முடியை மற்றதோடு கலந்தால் மொத்தத்தையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்களாம். அதனால் தனியாகக் கட்டி வைத்தாளாம். நான் என்னவோ எனக்கென்று தனியாக ஒரு சூனியம் வைத்திருக்கிறாள் என்று நினைத்து, ஆறு நாள் தூங்காமல் கிடந்தேன்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்குள் சாப்பாட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. பெற்றோர்கள், பிள்ளைகள், அவர்கள் கொண்டுவந்த முறுக்கு, அதிரசம். ஆனால் யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தார். மெலிந்த உருவம், மடிப்புக் கலையாத சேலை. பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் தூணோரம் நின்றார். மகள் அவர் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று வாரம் ஒரு தடவை சொல்கிறவள், அன்றைக்கு நூறு பேர் முன்னால் நின்று ஒரு பொய் சொன்னேன். அந்த முடியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான் என்றேன். குளியலறை அடைத்துக்கொள்கிறது, தினமும் எடுத்துக் காய வைத்துப் பத்திரப்படுத்தினால் விடுதிக்குப் பாத்திரமாவது வாங்கலாம் என்று இந்தப் பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தேன், மூன்று மாதமாக ஒரு நாள் கூடத் தவறாமல் செய்திருக்கிறாள் என்றேன். நேற்று சாக்கடையில் எடுத்த கொத்தை ஒரு பழைய தட்டில் போட்டுக் காட்டினேன். முன் வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். இதை ஐந்து நாளாக யாரும் எடுக்கவில்லை, அதன் லட்சணம் இது என்றேன். பிறகு அந்தச் செம்பட்டைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, இது என் முடி, படத்திலும் வார்டன்தானே சூனியக்காரி, அதனால் யாராவது பயப்படுவதாக இருந்தால் என்னைப் பார்த்துப் பயப்படுங்கள் என்றேன். பிள்ளைகள் பக்கம் லேசாகச் சிரிப்பு கிளம்பியது.

பின்னாலிருந்து ஒரு அப்பா எழுந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"நீங்கதான் சொன்னீங்கன்னா, அன்னைக்கே சொல்லிருக்கலாமே டீச்சர். புள்ளைய இத்தினி நாளு தனியா போட்டு வெச்சிருந்தீங்களே?"

மறந்துவிட்டேன் என்றேன். வேறு என்ன சொல்வது. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இப்படியும் ஒரு வார்டனா என்று யாரோ வாய்விட்டே சொன்னார்கள். ஒரு குடும்பம் எதையும் நம்பாமல் தங்கள் பெண்ணை அன்றே அழைத்துப் போனது. தீபாவளி கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தலைமை ஆசிரியை வந்ததும் படம் போட்டதற்கும் மறந்ததற்கும் சேர்த்து எனக்கு மெமோ கொடுத்தார். ஆனால் டிசி பற்றிய பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. மெமோவை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். நான் வாங்கவேண்டியதை விட அது குறைவுதான்.

எல்லோரும் போன பிறகு, கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் அந்த அம்மாவிடம் பையைக் கொடுத்தேன். அவர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். விரலால் நீவிப் பார்த்தார், ஒரு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூணோரம் நின்ற பயந்த மனுஷி போய், தன் வேலையில் கைதேர்ந்த ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். நல்லா பிரிச்சிருக்கே என்று மகளிடம் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. முதல் மதிப்பெண் வாங்கினபோது கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் அந்த அம்மா என் பொட்டலத்தை மட்டும் எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆவாதுங்க டீச்சர். நரைச்சது கூட எடுத்துக்குவோம், மருதாணி போட்டது ஆவாது."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் தன் துணிப்பையிலிருந்து ஒரு புது எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து என் கையில் வைத்தார். மகள் என்ன தப்பு பண்ணினாளோ, காலில் விழவேண்டி வருமோ என்று பயந்து, கொடுப்பதற்காக எடுத்து வந்திருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்று மறுத்தேன். அவர் விடவில்லை. சும்மா கொடுக்கவில்லை, முடிக்குத்தான் கொடுக்கிறேன், முடி வாங்கினால் பாத்திரம் கொடுப்பதுதான் எங்கள் முறை என்றார். அதற்கு மேல் மறுத்தால் அது அவர் தொழிலை மதிக்காதது போல் ஆகும் என்று பட்டது. ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து விடுதியில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா வைத்தேன். தலை சீவியதும் முடியை அதில் போட வேண்டும் என்பது சட்டம். முதல் வாரம் துப்பிவிட்டுப் போட்டார்கள். காய வைக்கும்போது கஷ்டம் என்று அந்தப் பெண் சொன்னதும் துப்புவதை விட்டுவிட்டார்கள். டப்பா எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னொரு பேய்ப் படமும் போடவில்லை.

அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு விடுமுறை நாள் மதியம், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மைன்ஸில் வெடி வைத்து ஜன்னல் உதறி அடங்கிய அமைதியில், ரோட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. 'சிக்கு முடி இருக்கா, தலைமுடிக்குப் பாத்திரம்.' அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் கண் அவள் பக்கம் போய்விடும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம்.

பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"மிஸ், எங்கம்மா வந்துருக்காங்க. டப்பாவ எடுத்துட்டுப் போயிட்டு வரேன்."

அறுபது பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணாடி பக்கம் போய் டப்பாவைத் தூக்கினாள். நிரம்பி வழிந்தது, மூடி நிற்கவில்லை. அப்போது அந்த வாய் நீளமான பெண், அன்றைக்கு முதலில் கத்தியவள், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய், மூடியை ஒரு கையால் அழுத்தி மறு கையால் டப்பாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் கேட்டை நோக்கி நடந்து போனார்கள். அந்த வாய் நீளமானவள், உங்கம்மாகிட்ட எனக்கு ஒரு டம்ளராவது வாங்கித் தருவியா என்று பேரம் பேசிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.

அவள் இப்போது அரியலூரில் பாலிடெக்னிக் படிக்கிறாள். அந்தத் தூக்குவாளியில்தான் நான் தினமும் பால் வாங்குகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தலைக்கு மருதாணி வைப்பதை நிறுத்திவிட்டேன். பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. ஏன் இப்படி விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறவர்களிடம், நரைத்தது ஆகும், சாயம் ஏறினது ஆகாது என்று சொல்லிச் சிரிப்பேன், அவர்களுக்குப் புரியாது. ஒரு குழந்தையிடம் 'என்னடி இது' என்று கேட்காமல் 'இது எதுக்கும்மா' என்று கேட்டிருக்க வேண்டும் என்று புரிய எனக்கு ஆறு நாள் ஆயிற்று என்பதை, தினமும் காலையில் சீப்பில் வருகிற அந்த வெள்ளை முடியைச் சுருட்டும்போது நினைத்துக்கொள்கிறேன்.